மூளைக்குப் பகல் வேண்டும்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறேன். நாள் முழுக்க டியூப் லைட் எரிகிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் தலை மந்தமாகிவிடுகிறது, பீஸில் இருக்கும் ஓட்டைகூடக் கண்ணில் படுவதில்லை. வயசா, வெளிச்சமா?
வாசகி, திருப்பூர்

பதில்: வெளிச்சத்துக்கு இதில் கண்டிப்பாகப் பங்கு இருக்கலாம். குறைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் டியூப் லைட் போட்ட சாதாரண அறையில் 200, 300 லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், செக்கிங் டேபிளில் கூடுதலாக இருந்தாலும் மேசைமேல் விழுவது வேறு, கண்ணுக்குள் போவது வேறு. வெளியே மேகமூட்டமான நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ், உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. மூளைக்கு உறைக்கிறது.

எப்படி என்றால், விழித்திரையில் குச்சி செல், கூம்பு செல் என்று பள்ளியில் படித்தோமே, அவை போக மூன்றாவதாக ஒரு வகை செல் இருக்கிறது. அது தானாகவே ஒளியை உணர்கிறது என்று 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். அதில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது, வான நீலம் பக்கம் உள்ள ஒளிக்குத்தான் அது அதிகம் அசையும். எதிரே இருப்பது மாடா மரமா என்று பார்ப்பது அதன் முக்கிய வேலை அல்ல, எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து மூளைக்குச் சொல்வதுதான். அந்தச் செய்தி போய்ச் சேரும் முக்கிய இடம், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சுமார் 20,000 நரம்புச் செல்களின் சின்ன முடிச்சு. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். தூக்கம், விழிப்பு, உடல் சூடு, எந்த நேரத்தில் கவனம் கூர்மையாக இருக்கும் என்பது எல்லாமே அதன் கணக்கில் நடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? வேலைக்குப் போகும் முன் ஒரு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள், நடந்தால் இன்னும் நல்லது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், தேவையும் இல்லை. டீ இடைவேளையை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், ரத்தசோகை, தைராய்டு, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெண்களிடம் ரத்தசோகை அவ்வளவு சகஜம், எல்லாப் பழியையும் வெளிச்சத்தின்மேல் போட்டுவிட முடியாது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் ராத்திரி ஒரு மணி வரை செல்போனில் படிக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கித் தரலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இந்தக் கண்ணாடிகளால் கண் களைப்பு குறைவதாகவோ தூக்கம் மேம்படுவதாகவோ உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. அதற்காகத் திரை வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. தூங்கும் முன் பல மணி நேரம் மின் வாசிப்புக் கருவியில் படித்தவர்களுக்கு, தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் சுரப்பு சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனதை 2015இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு காட்டியது. அவர்கள் மங்கலான அறையில் இருந்தவர்கள். அடுத்த வருடமே ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு சின்ன ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்கள் ராத்திரி இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படித்தார்கள், புத்தகத்தில் படித்தவர்களோடு ஒப்பிட்டால் மெலடோனினிலும் தூக்கத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பையன் பகல் முழுக்க வகுப்பறை, டியூஷன் என்று அடைந்து கிடந்தால் ராத்திரி அந்தச் சின்னத் திரையே அவன் மூளைக்குப் பெரிய வெளிச்சமாகிவிடுகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டுக்கு அனுப்புங்கள், விளையாட்டு பீரியடில் கணக்கு எடுத்தால் பள்ளியில் போய்ப் பேசுங்கள், பதினோரு மணிக்கு மேல் போனை ஹாலில் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. சில வாரம் ஒழுங்காகத் தூங்குவார், அப்புறம் சில வாரம் பகலில் தூங்கி ராத்திரியில் உட்கார்ந்திருப்பார். பிடிவாதம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிடிவாதம் இல்லை அம்மா, அப்படிச் சொல்பவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நம் உள் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், சராசரியாக 24 மணி 10 நிமிடம். தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சச் செய்தி போய்ச் சேராவிட்டால் கடிகாரம் நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய், சில வாரத்திலோ சில மாதத்திலோ ராப்பகல் தலைகீழாகி, மறுபடி சரியாகும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுபோலத்தான் இருக்கிறது.

ஆனால் பார்வை போனால் வெளிச்ச உணர்வும் போயே தீரும் என்பதில்லை. 1995இல் சார்லஸ் செய்ஸ்லர் குழு பாஸ்டனில் பார்வையற்ற 11 பேரைச் சோதித்ததில் 3 பேருக்குப் பிரகாசமான ஒளி மெலடோனினைக் குறைத்தது, வெளிச்சம் இருப்பதே தெரியாத கண்களில்! குச்சி, கூம்பு செல்கள் அழிந்தாலும் நான் மேலே சொன்ன மூன்றாவது வகை சிலரிடம் பிழைத்திருக்கும். முற்றிய கிளாக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) என்றால் அதுவும் பாதிக்கப்பட்டிருக்கும். அப்பாவுக்கு எதனால் பார்வை போனது என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். தூங்கிய நேரம், எழுந்த நேரத்தை ஒரு மாதம் நோட்டில் குறித்து, தூக்க மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டுங்கள். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: மறதி நோய் உள்ள மாமியார் பகலெல்லாம் அறையிலேயே படுத்திருக்கிறார். வெளிச்சம் உதவுமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: ஓரளவு உதவும். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில், சிலவற்றின் பொது அறைகளில் பகல் முழுக்க சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் வைத்துப் பார்த்தார்கள் (2008). மறதி முற்றுவது 5 சதவீதம் குறைந்தது, சோர்வு மனநிலை 19 சதவீதம் குறைந்தது. அவர் நாற்காலியை ஜன்னலோரமோ திண்ணையிலோ போடுங்கள். மெலடோனின் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதே ஆய்வில் வெளிச்சம் இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் இன்னும் ஒதுங்கிப்போனார்கள்.