ரேஸ் ஏறுது, இறங்க மாட்டேங்குது! - வண்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆக்சிலேட்டர் புகார்கள்தான். முறுக்கினால் இழுக்கவில்லை, விட்டால் இறங்கவில்லை, மிதித்தால் கேட்கவில்லை. அதனால் பேட்டரி, டயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடையது 2012 மாடல் 100 சிசி பைக். ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் நான் முறுக்காமலே ரேஸ் ஏறுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஸ்லோவையும் (முறுக்காமல் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) குறைத்து வைத்தார். இப்போது சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, திருப்பினால் ரேஸ் ஏறுவது மட்டும் அப்படியே இருக்கிறது.
- வாசகர், திண்டுக்கல்

ஹேண்டில் திரும்புவது கார்புரேட்டருக்குத் தெரியாது சார். தெரிவது கேபிளுக்கு மட்டும்தான். திருப்பும்போது எங்கேயோ கேபிள் இழுபடுகிறது, உள்ளே இருக்கும் ஒயர், கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்கிவிடுகிறது, அதனால் ரேஸ் ஏறுகிறது. ஹெட்லைட் டூமையோ பெட்ரோல் டேங்கையோ சமீபத்தில் கழற்றி மாட்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது கேபிள் போக வேண்டிய வழியில் போகாமல் வேறு பக்கமாகச் சுற்றிப் போவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும்.

எஞ்சினை ஆஃப் செய்து வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். கைப்பிடியை மெதுவாக முறுக்கினால், கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் கொஞ்சம் சும்மா சுற்றும். கைப்பிடி விளிம்பில் அளந்தால் இந்த ஆட்டம் பெரும்பாலான பைக்குகளில் 2 முதல் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு முறை, இடது கோடியில் ஒரு முறை, வலது கோடியில் ஒரு முறை பாருங்கள். இடது கோடியில் ஆட்டமே இல்லை என்றால் குற்றவாளி கேபிளின் பாதைதான். அப்புறம் முழுசாக முறுக்கிக் கையை எடுங்கள், எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும் 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் கேபிளின் கார்புரேட்டர் முனையைக் கழற்றிவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். கழற்றிய பிறகும் இறுக்கமாக இருந்தால் கேபிளில் அல்லது கைப்பிடியில் கோளாறு, லேசாகிவிட்டால் ஸ்லைடு பக்கம். ஒயர் இழை பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், புதுசு போடுங்கள். பிரிந்த இழை உறைக்குள் மாட்டிக்கொண்டால் ரேஸ் ஏறியபடியே நின்றுவிடும்.

கேபிள் சரியான பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்லோ ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னலில் ஆஃப் ஆவதும் நின்றுவிடும்.

பெட்ரோல் கார், 2014 மாடல். ஏசி போட்டால் எஞ்சின் நடுங்கி ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது. திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். இப்போது ஆஃப் ஆவதில்லை, ஆனால் ஐட்லிங் (ஸ்லோ) 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. 'திராட்டில் பாடி போயிடுச்சு, புதுசு போடணும்' என்கிறார்கள். போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் இல்லாத கோளாறு சுத்தம் செய்த பின் வந்திருக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அங்கே கை வைத்த இடங்களை.

திராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் வாசல். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் திராட்டிலுக்குள் இருக்கும் வட்டத் தகடு, அதாவது பட்டர்ஃபிளை, முழுக்க மூடிவிடாது. விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள வண்டிகளில் ஐட்லிங்குக்கான காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது. (கேபிள் வைத்த கார்களில் இதற்கென்று தனியாக ஐடில் கன்ட்ரோல் வால்வ் இருக்கும், கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.) எஞ்சினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவியும் தூசியும் சேர்ந்து அந்த விளிம்பில் கறுப்புப் பசையாகப் படியும். காற்று குறைவதைக் கவனிக்கும் ஈசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துச் சமாளிக்கும். அந்த அளவை நினைவிலும் எழுதிக்கொள்ளும். அழுக்கு ஏற ஏற இதுவும் கூட்டிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் சமாளிக்க முடியாது, ஏசி கம்ப்ரஸரின் சுமை வந்ததும் எஞ்சின் உட்கார்ந்துவிடும். உங்கள் பழைய கோளாறு அதுதான். இப்போது அழுக்கு போய்விட்டது, ஈசியு மட்டும் பழைய கணக்கிலேயே தகட்டைத் திறந்துகொண்டிருக்கிறது. காற்று அதிகம், அதனால் ரேஸும் அதிகம்.

இதற்கு ஐடில் லேர்ன் செய்ய வேண்டும், அதாவது ஈசியுவுக்குப் புதுக் கணக்கைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகள் சில நாள் ஓட்டத்தில் தானாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடும், பலவற்றுக்கு ஸ்கேனர் (ஈசியுவோடு பேசும் கருவி) தேவை. எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், ஏசி, லைட், ஃபேன் எல்லாம் ஆஃப், பெடலில் கால் படக்கூடாது. 'இக்னிஷனை ஆன் பண்ணி மூணு தடவை மிதி, பத்து செகண்ட் காத்திரு' என்று வீடியோக்களில் வருவது வேறு ஏதோ ஒரு மாடலுக்கான முறையாக இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம்.

ஆனால் லேர்ன் செய்யும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும்: திருட்டுக் காற்று. திராட்டிலைத் தாண்டி எங்கிருந்தாவது காற்று உள்ளே புகுந்தால் எத்தனை முறை லேர்ன் செய்தாலும் பலன் இல்லை. சுத்தம் செய்யக் கழற்றியபோது ஏதாவது ஒரு சின்ன ரப்பர் ஹோஸை மாட்டாமல் விட்டிருக்கலாம், திராட்டில் பாடிக்கு அடியில் உள்ள கேஸ்கட் மடங்கியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது காதைக் கிட்டே கொண்டுபோனால் 'உஸ்ஸ்' சத்தம் கேட்கும் (ஃபேன் பெல்ட்டிலிருந்து துப்பட்டாவும் சட்டைக் கையும் தள்ளியே இருக்கட்டும்). கேட்கவில்லையா? இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (திராட்டிலைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை, பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பை லேசாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸ் உட்பட, ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடித்ததும் ரேஸ் கணிசமாக இறங்குகிறதோ, லீக் அந்த ஹோஸ் போய்ச் சேரும் பக்கத்தில். லீக் தேட ஸ்பிரே கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் அடித்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது தீப்பிடிக்கும் பொருள், வேண்டாம்.

ஸ்கேனரில் பி0507 என்ற கோளாறு எண் (கோடு) வந்தால் 'ஐட்லிங் எதிர்பார்த்ததைவிட அதிகம்' என்று பொருள், அவ்வளவுதான். திராட்டில் பாடியை மாற்று என்று அந்தக் கோடு சொல்லவில்லை. இன்னொன்று, மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் திருட்டுக் காற்று புகுந்தால், சென்சார் அதையும் சேர்த்தே அளந்துவிடும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும், ரேஸ் ஏறும். திராட்டிலுக்கு முன்பே காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த கார்களில் அதே லீக் நடுக்கமாகவும் 'லீன்' (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) கோடாகவும் வெளிப்படும். உங்களுடையது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் திராட்டில் பாடியை மாற்றக் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை சுத்தம் செய்யும்போது: கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பிளேடு, எமரி ஷீட் எதுவும் படக்கூடாது, சில திராட்டில் பாடிகளின் உட்சுவரில் பூச்சு இருக்கும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரல் விடவே கூடாது, மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும்.

ஸ்கூட்டர் பிஎஸ்6. டக்கென்று முறுக்கினால் ஒரு நொடி திக்கித் திணறி அப்புறம் பாய்கிறது. மெதுவாக முறுக்கினால் ஒன்றுமில்லை.
- வாசகி, விருதுநகர்

ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? முதலில் அது. அடுத்தது திராட்டில் பாடி சுத்தம். அதற்கும் போகவில்லையென்றால் பெட்ரோல் பம்ப்பின் பிரஷரும் இன்ஜெக்டரும். டக்கென்று முறுக்கும்போது ஒரே நொடியில் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும், பலவீனமான பம்ப் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மீட்டரில் எஞ்சின் விளக்கு மின்னினால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள். ஹோண்டா வண்டிகளில் ஒரு நீளமான மினுக்கல் பத்து, ஒரு குட்டி மினுக்கல் ஒன்று என்று கணக்கு, 8 வந்தால் திராட்டில் பொசிஷன் சென்சார். மற்ற கம்பெனிகளின் கணக்கு வேறு. விளக்கே வரவில்லை என்றால் சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

2018 கார். மேம்பாலம் ஏறும்போது திடீரென்று பெடலை மிதித்தாலும் வண்டி ஏறவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது, 20-30 வேகத்தில் ஊர்ந்துதான் கரை சேர்ந்தேன். ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. சர்வீஸில் 'கோடு அழிச்சாச்சு' என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே மறுபடி அதே கதை. பயமாக இருக்கிறது.
- வாசகி, ஆம்பூர்

பயம் நியாயம்தான், ஆனால் நடந்தது வண்டி உங்களைக் காப்பாற்றிய செயல். உங்கள் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும், இரண்டும் தனித்தனியாக ஈசியுவுக்கு வோல்டேஜ் அனுப்பும். பல வண்டிகளில் ஒன்று மற்றதன் பாதியாக இருக்கும். திராட்டில் பாடியிலும் இதே மாதிரி இரண்டு, சிலவற்றில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகும் வரை ஈசியு நம்பும். ஒன்று மாறிப் பேசினால் யாரையும் நம்பாமல் வேகத்தைக் கட்டிவிடும், இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். தானாகப் பாய்வதைவிட ஊர்ந்து போவது மேல் என்ற கணக்கு.

கோளாறு எண்ணை அழிப்பது வைத்தியமே இல்லை, டாக்டர் சீட்டைக் கிழித்துப் போடுகிற வேலை. அழிக்கும் முன் கோடு எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், வோல்டேஜ் என்ன என்ற பதிவு) எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பி2135, பி2138 போன்றவை வந்தால் 'இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை' என்று பொருள். முதலாவது பொதுவாகத் திராட்டில் பாடியையும் இரண்டாவது பெடலையும் காட்டும். எது என்று பார்க்காமல் திராட்டில் பாடியை மாற்றி, கோளாறு பெடலில் இருந்தால் பணம் தண்டம்.

பாகம் வாங்கும் முன் ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் கனெக்டரிலோ ஒயரிலோ இருக்கும். பிளக்கைக் கழற்றினால் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா, எர்த் சரியாக இறுகியிருக்கிறதா. வீட்டு வாசலில் நிறுத்தும் கார் என்றால் எலி. சந்தேகமே இல்லாமல் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா பாருங்கள், கடித்த ஒயர் சில நேரம் மேலே உறை நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அப்போது அனுப்பும் எண்கள்) ஓடவிட்டு, ஒருவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்து விடட்டும், இன்னொருவர் ஒயர் கட்டை ஆட்டட்டும். இரண்டு எண்களும் சீராக ஏறி இறங்க வேண்டும். ஆட்டும்போது ஒன்று மட்டும் துள்ளினால் கோளாறு அந்த இடத்தில்தான். பலவீனமான பேட்டரியும் இதே நாடகத்தை ஆடும், அதையும் டெஸ்ட் செய்துவிடுங்கள்.

இது சரியாகும் வரை பைபாஸில் லாரிகளுக்கு நடுவே ஓவர்டேக் வேண்டாம்.

டீசல் காரில் பிக்கப் இல்லை. திராட்டில் பாடி சுத்தம் செய்தால் போதும் என்கிறார்கள்.
- வாசகர், தஞ்சாவூர்

டீசலில் வேகத்தைக் கூட்டுவது காற்று இல்லை, டீசலின் அளவு. திராட்டில் தகடு பல டீசல் கார்களில் இருக்கிறது, ஆனால் அது ஈஜிஆருக்கு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) உதவவும், ஆஃப் செய்யும்போது எஞ்சின் உதறாமல் நிற்கவும்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அது மூடியபடி சிக்கியிருந்தால் பிக்கப் போகும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ். மிதித்தால் கரும்புகையும் விசில் மாதிரி ஒரு சத்தமும் வந்தால் ஹோஸ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம், கிளிப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும். கையால் தடவினாலே தெரியும். அதற்கடுத்து ஈஜிஆர் வால்வ் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?
- பெயர் எழுதாத வாசகர்

பைக்கில் கிளட்ச்சைப் பிடியுங்கள், சிவப்பு கில் சுவிட்ச் இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் சாவியை ஆஃப் செய்யுங்கள், ஹேண்டில் லாக் நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டாம். காரில் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள், திராட்டில் திறந்திருக்கும்போது பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்காது, நாலு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும். ஓரம் கட்டி நின்ற பிறகு ஆஃப் செய்யுங்கள், ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் என்றால் பல வண்டிகளில் சில விநாடிகள் விடாமல் அழுத்த வேண்டும், உங்கள் வண்டியில் எப்படி என்று புத்தகத்தில் இன்றே பார்த்து வையுங்கள்.

அமெரிக்காவில் 2009, 2010இல் டொயோட்டா லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தப் புகாருக்காகத்தான். எலக்ட்ரானிக்ஸ்தான் காரணமோ என்று நாசா இன்ஜினியர்களை வைத்தே ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தபோது எலக்ட்ரானிக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உறுதியான காரணங்களாக நின்றவை இரண்டு: பெடல் தானே ஒட்டிக்கொண்டது, தரை மேட் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டது. ஆகவே கடையில் வாங்கிய தடித்த ரப்பர் மேட்டைப் பழைய மேட்டின் மேலேயே போட்டிருந்தால், ஒன்றை எடுத்துவிடுங்கள்.