சியாக்காப் மீன்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

புக்கிட் ரோத்தான் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள், குளம் வைத்திருப்பவர்கள், சமைக்கிறவர்கள் எல்லாரும் நம்ம சியாக்காப், அதாவது கொடுவா மீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: அண்ணே, தோட்டத்தில் ஒரு நன்னீர்க் குளம் சும்மா கிடக்கிறது. குஞ்சு விட்டால் தானாகப் பெருகுமா?

பெருகாது தம்பி. நன்றாக வளரும், ஆனால் முட்டை பொரிய உப்புத் தண்ணீர் வேண்டும். ஆற்றில் வளர்ந்த மீன்கூட முட்டையிட முகத்துவாரத்துக்குத்தான் இறங்கும், அப்புறம் குஞ்சுகள் பாக்காவ் காட்டு (அலையாத்திக் காட்டு) ஓடைகளில் ஒதுங்கி வளரும். குளத்தில் விடுவதானால் ஒரே அளவுக் குஞ்சாகப் பார்த்து விடு, வளர வளர அளவு பார்த்துப் பிரித்துப் போடு, ஏனென்றால் தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற இன்னொரு குஞ்சையே இது விழுங்கிவிடும்.

கேள்வி: பெரிய மீனை அறுத்தால் சினை இருக்கிறது, சின்னதில் இருப்பதே இல்லை. ஏன்?

சின்னதெல்லாம் ஆண், அதனால்தான். கொடுவா முதலில் ஆணாக இருந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஆற்றில், கடலில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது பெரும்பாலும் பெண்தான், ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த அளவுக்கு மாட்டினால் நான் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவேன். பைத்தியக்காரன் என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும், சுவையும் சின்னதில்தான் அதிகம்.

கேள்வி: வளர்ப்பு சியாக்காப்பில் மண் வாடை அடிக்கிறதே தம்பி?

குளத்துப் பாசியில் உண்டாகிற ஜியோஸ்மின் என்ற பொருள் அது, அக்கா. விற்பதற்கு முன் சில நாள் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தால் போய்விடும், அதைச் செய்ய எல்லாருக்கும் பொறுமை இல்லை. வாங்கியாச்சு என்றால் எலுமிச்சை தடவி ஊற வையுங்கள், இல்லை புளி தூக்கலாகக் குழம்பு வையுங்கள். புளிப்பு பட்டால் அந்த வாடை குறையும். ஸ்டீம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: சியாக்காப் மேரா இதன் சிவப்பு வகைதானே?

இல்லை. அது சங்கரா குடும்பம்.

கேள்வி: எந்த நேரத்தில் தூண்டில் போடலாம்?

ஏறின கடல் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும்போது பாக்காவ் காட்டு ஓடை வாயில் உயிர் இறாலைப் போடு. காட்டுக்குள் மேய்ந்த பொடிமீனும் இறாலும் அந்த வழியாகத்தான் வெளியே வரும், கொடுவா அங்கே காத்திருக்கும். மாட்டியதும் செவுள் மூடியில் கை வைக்காதே, அந்த ஓரம் பிளேடு மாதிரி, தூண்டில் நரம்பையும் அறுக்கும் விரலையும் அறுக்கும். கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கு.