லிஃப்ட் கிட் வாங்கும் முன் எடை போடுங்கள்

வணக்கம் நண்பரே. கூரைமேல் கூடாரம், டிக்கியில் ஃப்ரிட்ஜ், இழுப்பறை எல்லாம் வைத்தபின் உங்கள் டொயோட்டா ஃபார்ச்சூனர் காரின் பின்பக்கம் அமுங்கி வேகத்தடையில் இடிக்கிறது. இமாச்சல மலைப்பகுதியான ஸ்பிதிக்குப் போகும் முன், வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போடலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

டேங்க் நிரப்பி, சாமான், குடும்பம் எல்லாவற்றோடும் மாதவரம் பக்கம் லாரிகளுக்கான எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். 80 லிட்டர் டீசலே 65 கிலோவைத் தாண்டும்! மொத்த எடை தயாரிப்பாளர் சொன்ன வரம்பை மீறினால் சாமானை இறக்கத்தான் வேண்டும். ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிக் காட்டுமே தவிர, ஆக்சிலும் பிரேக்கும் தாங்கும் அளவைக் கூட்டாது.

வரம்புக்குள் இருந்தால் சரி, பின்னால் எப்போதும் இருக்கும் அந்தக் கூடுதல் எடைக்கேற்ற காயில் ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் போதும். தண்ணீர் கேன் கூரையில் வேண்டவே வேண்டாம். பின் ஆக்சிலுக்கு முன்னால், தரையோடு கட்டுங்கள்.

டயர் இப்போதுள்ள அதே அளவில், மண், கல் பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் வகை போடுங்கள். பெரிதாக்கினால் வண்டியின் இழுவிசை குறையும்; ஸ்பிதி வழியில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயில் காற்றும் மெலிந்திருப்பதால் இன்ஜின் இன்னும் திணறும். அப்புறம், முன் பம்பரில் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பார் போடாதீர்கள், 2017 இறுதியிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது.

எடைச் சீட்டு கிடைத்ததும் இங்கே போடுங்கள், எந்த ஸ்பிரிங் என்று சேர்ந்து பார்ப்போம்.