பின்னிஷ் ஸ்பிட்ஸ் ஏன் ஓயாமல் குரைக்கிறது? இதை நிறுத்த முடியுமா?

முழுசாக நிறுத்த முடியாது. குரைப்பதற்காகவே பின்லாந்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வேட்டை நாய் இது. காட்டில் கேப்பர்கெய்லி போன்ற பெரிய பறவையைக் கண்டுபிடிக்கும். அது பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்ததும் நாய் மரத்தடியில் நின்றபடி ஓயாமல் குரைக்கும். பறவையின் கவனம் நாய்மேலேயே இருக்க, சத்தம் வரும் திசையைப் பிடித்து வேட்டைக்காரர் நெருங்கிவிடுவார். அங்கே இந்த நாய்களுக்குக் குரைப்புப் போட்டிகூட நடக்கிறது! 1979இல் பின்லாந்தின் தேசிய நாயாகவும் அறிவித்தார்கள்.

ஆனால் அளவோடு குரைக்கப் பழக்கலாம். குட்டியிலேயே தொடங்குங்கள். இரண்டு மூன்று முறை குரைக்க விட்டு, "போதும்" என்று சொல்லுங்கள். அமைதியான அந்த நொடியில் தின்பண்டம் கொடுங்கள். அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவு ரோஷம். ஒரே பயிற்சியை நீட்டினாலும் சலித்துவிடும்.

நிறைய ஓட்டமும் மோப்பம் பிடிக்கும் விளையாட்டும் கட்டாயம் வேண்டும். பல நாய்களின் ஓயாத குரைப்புக்குச் சலிப்புதான் காரணம். வேலியில்லாத இடத்தில் அவிழ்த்து விடாதீர்கள், பறவையைக் கண்டால் கூப்பிட்டாலும் வராது.

ரோமத்தை வாரம் ஒருமுறை சீவினால் போதும். உதிரும் பருவத்தில் தினமும். வெயிலுக்கென்று மொட்டையடிக்கவே கூடாது. அப்புறம், இந்த இனத்தில் வலிப்பு நோய் உண்டு. குட்டி வாங்கும்போது தாய் தந்தையின் உடல்நலத்தை விசாரியுங்கள்.

சுவரோடு சுவராக அண்டை வீடு இருந்தால் வேறு இனம் பாருங்கள்.