பின்பக்கத்துக்குப் போன பாட்டு

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து ஒரு ராக் பேண்டில் பாடுகிறேன். கிட்டார் வாசிப்பவரும் நானும் நாலு வருடம் காதலித்துப் பிரிந்துவிட்டோம். பேண்ட் மட்டும் தொடர்கிறது. எங்கள் முதல் ஆல்பத்தில், பிரிவைப் பற்றி அவர் எழுதிய பாட்டு வருகிறது. அதற்கு நான் கோரஸ் பாட வேண்டுமாம். நான் எழுதிய பாட்டை, ஆறு நிமிடம் ரொம்ப நீளம் என்று எடுத்துவிட்டார்கள். விலகிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ்-அமெரிக்க ராக் குழுவின் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது.

1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்யும்போது, பாடகி ஸ்டீவி நிக்ஸும் கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் தினமும் ஒரே ஸ்டூடியோ. பக்கிங்ஹாம் ‘கோ யுவர் ஓன் வே’ எழுதினார். அதில் ஸ்டீவியைக் கொச்சைப்படுத்தும் ஒரு வரி இருந்தது. அது உண்மையில்லை, எடுத்துவிடு என்று ஸ்டீவி கேட்டும் அவர் எடுக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு ஹார்மனி பாடியவர்களில் ஸ்டீவியும் ஒருவர்.

ஸ்டீவி தன் பங்குக்கு எழுதியதுதான் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. மேரிலாந்துப் பக்கம் சாலைப் பலகையில் பார்த்த ஊர்ப் பெயர் அது. உன்னை நேசித்தவளின் குரலிலிருந்து நீ தப்பவே முடியாது என்று பாட்டு சொல்கிறது. நீளம் என்று அதை ஆல்பத்திலிருந்து எடுத்தார்கள். வினைல் தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் ஒலி மெலிந்துவிடும். எனவே காரணம் பொய்யில்லை. ஆனால் வலி வலிதானே. டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னபோது ஸ்டீவி கத்தித் தீர்த்தார். கடைசியில், ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக வந்தபோது, அந்தப் பாட்டு அதன் பின்பக்கத்துக்குப் போனது. ஒரே தட்டில் முன்பக்கம் அவர் கோபம், பின்பக்கம் இவர் காயம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

1991இல் தன் தனித் தொகுப்பில் சேர்க்க அந்தப் பாட்டைத் தரும்படி கேட்டார் ஸ்டீவி. மிக் ஃப்ளீட்வுட் தர மறுக்க, குழுவை விட்டே விலகினார். அப்புறம் 1997இல் எல்லோரும் மறுபடி சேர்ந்து ‘தி டான்ஸ்’ நிகழ்ச்சியை நடத்தினார்கள். பாட்டின் முடிவில் ஸ்டீவி பக்கிங்ஹாம் பக்கம் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்தே பாடுகிறார். ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பதிவு கிராமி பரிந்துரையும் பெற்றது.

அதற்காக இருபது வருடம் பொறுத்திருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஸ்டீவி பக்கிங்ஹாமின் அந்தக் கொச்சை வரியை வருடக்கணக்கில் மேடையில் தாங்கினார். அது அவர் பலம், உங்கள் கடமை இல்லை. உங்கள் கிட்டார்காரரின் பாட்டில் உங்களைப் பற்றிப் பொய்யான வரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் கோரஸ் பாடாதீர்கள். வரிகள் நியாயமாக இருந்து, வலி மட்டும்தான் தடை என்றால், கொஞ்ச நாள் அவகாசம் கேளுங்கள்.

உங்கள் பாட்டு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். வினைலின் நெருக்கடி இன்று ஆன்லைன் ஆல்பத்துக்குக் கிடையாது. நீளம்தான் காரணமா என்று எல்லோரும் இருக்கும்போது நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால், அதைத் தனி சிங்கிளாக விடலாமே.

‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ எழுதிய உரிமையை ஸ்டீவி தன் அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். ஆனாலும் அந்தப் பதிவு அவர் கையில் இல்லை. இங்கேயும் அப்படித்தான்: வரிகளும் மெட்டும் நீங்கள் உருவாக்கியவை என்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுசெய்யாமலே பதிப்புரிமை உங்களுடையது, ஒலிப்பதிவின் உரிமையோ அதைத் தயாரித்தவருக்கு. எனவே ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். விலகுவதா இல்லையா என்பதை, அவர்கள் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவுசெய்யலாம்.

சரி, அந்தப் பாட்டை எனக்கும் அனுப்புங்கள். ஆறு நிமிடமும் வெட்டாமல்.