மூணு நாட்டுக்கு எத்தனை பெட்டி?

கேள்வி: அக்கா, நான் திருப்பாப்புலியூர். பாண்டிச்சேரியில டிகிரி முடிச்சேன். இப்ப ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் கிடைச்சிருக்கு, முதல் செமஸ்டர் பிரான்ஸ், அடுத்தது ஸ்பெயின், அப்புறம் ஜெர்மனி. டிக்கெட்ல 23 கிலோ வீதம் ரெண்டு பெட்டி அனுமதி. அம்மா ரெண்டையும் ரொப்பிட்டாங்க, இன்னும் சாமான் வெளியில கெடக்கு. என்ன எடுத்துட்டு போறதுன்னே தெரியல.

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒரு பெட்டிய காலி பண்ணு. 46 கிலோ தர்றாங்கன்னு 46ம் ரொப்பக்கூடாதும்மா, சென்னை ஏர்போர்ட் வரைக்கும் அப்பா தூக்குவாரு, ஆனா ஆறு மாசம் கழிச்சு ஸ்பெயினுக்கு மாறும்போது நீ ஒருத்திதான் தூக்கணும், அங்க ஐரோப்பாவுக்குள்ளயே போற சின்ன ஃப்ளைட்ல எல்லாம் பெட்டிக்குத் தனியா காசு கேப்பான். என் அண்ணன் பொண்ணு இப்படித்தான் ரெண்டு பெட்டியோட போய், ட்ரெயின் மாற வேண்டிய ஸ்டேஷன்ல லிஃப்ட் ஓடல, படியில இழுத்ததுல ஒரு சக்கரம் பிஞ்சுபோச்சு, ஒரு பெட்டிய கீழ விட்டுட்டு இன்னொன்ன மேல கொண்டுபோய் வைக்கவும் பயம், அங்கேயே உக்காந்து அழுதிருக்கா. அதனால பேக் பண்ணி முடிச்சதும் பெட்டிய நீயே தூக்கிட்டு உங்க வீட்டு மொட்டை மாடிக்கு ஏறு. நடுவுல கீழ வச்சீன்னா கனம் ஜாஸ்தி, பிரிச்சு எடுத்துடு.

சாப்பாட்டு சாமான்ல அம்மா மனசு நோகாம கொஞ்சம் கறாரா இரு. ஐரோப்பாவுக்குள்ள நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் விடமாட்டாங்க, பால் கறி சம்பந்தப்பட்டது நம்ம பக்கத்துலேருந்து கொண்டுபோகத் தடை. பச்சை கறிவேப்பிலையும் கூடாது, காய வச்சு பொடியா அரைச்சிடச் சொல்லு. துபாய் வழியா போறதா இருந்தா கசகசா ஒரு துளி கூட வேணாம், அந்த ஊர் சட்டத்துல அது போதைப்பொருள் கணக்கு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த பண்ருட்டி முந்திரி, இது போதும். மூணு லிட்டர் குக்கர் ஒன்னு எடுத்துக்கோ, பொடி பாக்கெட் எல்லாத்தையும் அதுக்குள்ளயே திணிச்சிடலாம். புளிக்காய்ச்சல ரெண்டு கவர் போட்டுக் கட்டி பெரிய பெட்டியில வை, கைப்பையில வச்சா 100 மில்லிக்கு மேல போனா தூக்கிப் போட்டுடுவாங்க.

குளிருக்கு இங்க ஸ்வெட்டரா வாங்கிக் குவிக்காத. உள்ள போடுற தெர்மல் ரெண்டு செட் போதும், காத்து மழை தாங்குற ஜாக்கெட்ட அங்க போய் வாங்கு. கரண்ட் மூணு நாட்டுலயும் நம்ம மாதிரி 230 வோல்ட்தான், பின் மட்டும் வேற. நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்னு, அதுக்கு மாட்ட ஒரே ஒரு அடாப்டர், அவ்ளோதான், லேப்டாப் ஃபோன் எல்லாம் அதுலயே ஓடும். பவர் பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், பெரிய பெட்டியில போடக்கூடாது. மாத்திரை ஏதாவது தினமும் போடுறன்னா டாக்டர் சீட்ட மருந்தோட நிஜப்பேர் போட்டு இங்கிலீஷ்ல வாங்கிக்கோ, நம்ம ஊர் பிராண்ட் பேரு அங்க மெடிக்கல்ல தெரியாது. கண்ணாடி போடுறவளா இருந்தா இன்னொரு ஜோடி.

எல்லாத்தையும் விட எனக்குக் கவலை உன் பேப்பருங்கதான். 2015 வெள்ளத்துல எங்க தெருவுல பீரோவோட அடித்தட்டுல இருந்த சர்டிபிகேட் எல்லாம் கூழாகி, வெயில்ல ஒன்னொன்னா காய வச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது. ஒரிஜினல் தண்ணி புகாத கவர்ல உன் கைப்பையில, ஸ்கேன் காப்பி மெயில்ல, ஜெராக்ஸ் ஒரு செட் அம்மாகிட்ட. பிரான்ஸ்ல இன்சூரன்ஸ், வீட்டு வாடகை உதவின்னு எதுக்குப் போனாலும் பர்த் சர்டிபிகேட் கேப்பாங்க, அத அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுபடியாக நம்ம அரசாங்கம் வைக்கிற முத்திரை) பண்ணி எடுத்துட்டுப் போ, அங்க போனப்புறம் கடலூர்லேருந்து பண்ணி அனுப்பச் சொன்னா அப்பா அலையணும். மாணவர் விசாவ பிரான்ஸ் இறங்கின மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல வேலிடேட் பண்ணணும், அத இப்பவே ஃபோன் காலண்டர்ல போட்டு வை. பெட்டிய அடுத்த வாரம் பாத்துக்கலாம், பர்த் சர்டிபிகேட் வேலைய நாளைக்கே ஆரம்பிச்சிடு.