புதுச்சேரியிலிருந்து ரியூனியன் தீவுக்கு ஒரு வாரம் போனால் எரிமலை, மலை, கடற்கரை மூன்றையும் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் மேப்பில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தத் தீவு மொத்தமே சுமார் 2,500 சதுர கி.மீ.தான். அதற்குள்ளேயே 3,070 மீட்டர் உயர மலை நிற்கிறது. கடற்கரை ஊரான சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் என்ற மலையூருக்கு 35 கி.மீ. சொச்சம், வழியில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

முதலில் விசா. ரியூனியன் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா) எல்லைக்குள் வராது. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விண்ணப்பத்திலேயே போகுமிடம் ரியூனியன் என்று போட வேண்டும். வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மொரீஷியஸில் விமானம் மாறினால் அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான்.

எரிமலைக்கு (பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீ.) கடற்கரை ஓட்டலிலிருந்து காலை டிபன் முடித்துக் கிளம்புகிறவர்கள் பார்ப்பது வெறும் மேகம். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலேறி, பத்து மணிக்கெல்லாம் மூடிவிடும். முந்தின இரவு பூர் முரா என்ற மலையூர்ப் பக்கம் தங்கி, விடியுமுன் கிளம்பி, எரிமலையைச் சூழ்ந்த பெரும்பள்ளத்தின் விளிம்பான பா தெ பெல்கோம்புக்கு (2,311 மீ.) போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே விடியற்காலையில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். ஊட்டி ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் வேண்டும்.

விளிம்பிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் லாவாத் தரை. முறுக்கிப் போட்ட கயிறு போல உறைந்த பாறை ஓரிடம், காலை வைத்தால் சறுக்கும் கருஞ்சல்லி இன்னோரிடம். செருப்பு, மெல்லிய அடி ஷூ இரண்டும் ஆகாது. பாறைமேல் வெள்ளைப் பெயிண்ட் குறிகள் உண்டு. மேகம் இறங்கிவிட்டால் அடுத்த குறி கண்ணுக்குத் தெரியாமல் நகரக்கூடாது. எரிமலை உச்சியிலுள்ள தோலோமியே பள்ளம் வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரம். நிழலும் தண்ணீரும் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். 2007-இல் இந்தப் பள்ளத்தின் தரையே முந்நூறு மீட்டர் உள்வாங்கியது. வெடிப்பு தொடங்கினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், எனவே எரிமலையைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

நடக்க முடியாத பெரியவர்களைத் தீவின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டிப்போகலாம். லாவா ஓடிய தடங்களைச் சாலையே குறுக்கே வெட்டிப் போகிறது. பித்தோன் சேன்ட் ரோஸில் 1977-இல் லாவா இரண்டாகப் பிரிந்து விட்டுப்போன தேவாலயமும் அந்த வழியில்தான். குடை அவசியம். எரிமலைப் பக்கத்தில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரிப் புயலில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது, கடலூரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம், தவிர்ப்பது நல்லது. மே முதல் நவம்பர் வரை சரியான பருவம்.

மஃபாத் என்ற மலைப் பள்ளத்தாக்குக்குச் சாலையே இல்லை, நடை அல்லது ஹெலிகாப்டர். ஒரு வாரத்தில் அதையும் சேர்ப்பது பேராசை.

கடல் குளியல் மேற்கே, எர்மிதாஜ், லா சலீன் பவளத்திட்டு உட்கடலில் மட்டும். வெளியே சுறா உண்டு. அங்கே குளிக்க 2013 முதல் தடை அமலில் இருக்கிறது. அலை அமைதியாக இருக்கிறதே என்று வேறெங்கும் இறங்காதீர்கள்.